இடது கிளை

உச்சிக்கு வந்து சேர்ந்ததும் நோன்னா முதலில் தேடியது கூடாரத்தைத்தான். கோணம் அளக்கும் தியோடலைட்டை முக்காலியில் ஏற்றி, மட்டம்கூடப் பார்க்காமல், குழாயைக் கீழே பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினாள். இந்தக் கருவி எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். பதினொரு வருடமாக உலகத்தைத் தலைகீழாகப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. வானம் கீழே கிடந்தது, ஆறு மேலே ஓடியது, லார்ச் மரங்கள் வௌவால் மாதிரித் தொங்கின. அவற்றின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அடுப்புக் குழாயிலிருந்து புகை மெல்லியதாக இறங்கிக்கொண்டிருந்தது. புகை வருகிறதென்றால் இப்பொலித் விறகு போட்டிருக்கிறார். விறகு போட்டிருக்கிறார் என்றால் உயிரோடு இருக்கிறார்.

"மாமா அடுப்பு மூட்டிட்டாரு," என்றாள்.

"மூட்டிட்டு அதுகிட்டயே சண்டை போட்டுக்கிட்டிருப்பாரு. திட்டுறதுக்கு நம்ம ரெண்டு பேரும் இல்லையே," என்றான் ரொதியோன். சுமையை இறக்கிவைத்துவிட்டு மரக்கூம்பின் காலில் சாய்ந்து உட்கார்ந்து புகையிலையைக் காகிதத்தில் சுருட்ட ஆரம்பித்தான்.

ரொதியோன் அந்தக் குழுவின் கூலியாள். எட்டு வருடம் முகாமில் கைதியாகக் கிடந்தவன். விடுதலையான பிறகு ஊருக்குப் போக மனமில்லாமல் நில அளவைக்காரர்களோடு சேர்ந்துகொண்டான். எதற்காக உள்ளே போனான் என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. வடக்கே அதுதான் மரியாதை.

அவன் சாய்ந்திருந்த மரக்கூம்பு லேசுப்பட்ட சாமான் இல்லை. புல்கூட முளைக்காத மொட்டைப் பாறையின் தலையில் மூன்று ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்கான லார்ச் கட்டைகளை ஜூலை மாதத்தில் கீழிருந்து ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். எட்டு நாள், தோள்பட்டையில் தோல் உரிந்துபோனது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் வேறு மலைகளில் இருக்கும் குழுக்கள் இந்தக் கூம்பைக் குறிவைத்துத்தான் தங்கள் கோணங்களை அளக்கும். அதன் கட்டையில் ஒரு தகடு அடித்திருந்தது: அரசாங்க அடையாளம், சேதப்படுத்துகிறவர் தண்டிக்கப்படுவார். கரடியைத் தவிர வேறு யாரும் வராத இடத்தில் யாருக்காக அந்தத் தகடு என்று இப்பொலித் கேட்டுச் சிரித்தார். அப்போது அவருக்குக் கால் நன்றாக இருந்தது.

இப்பொலித் கரெயேவ் குழுவின் எழுத்தர். நோன்னா கருவியில் பார்த்துக் கோணங்களைச் சொல்வாள், அவர் ஏட்டில் எழுதுவார். ஐம்பது வயது. வாய் ஓயாது. அவளை 'மகாராணி' என்பார், அவள் சமைத்தால் நாய்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் என்பார், அவளுக்குச் சளி பிடித்தால் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தான் குளிரில் நடுங்குவார். ஏழு கோடையாக அவர் இல்லாமல் அவள் எந்த மலையும் ஏறியதில்லை. 

ஏழு நாளைக்கு முன்னால் சரளைச் சரிவில் ஒரு பாறை புரண்டு அவருடைய வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவளும் ரொதியோனும் முடிந்தவரை கழுவி, கட்டை வைத்துக் கட்டினார்கள். வழிகாட்டி ப்ரகோப்பி உடனே புறப்பட்டான். ஏவென் இனத்தவன், பனிமான்களோடு பிறந்து வளர்ந்தவன். அடிவார முகாமுக்கு மூன்று நாள் வழி. அங்கே கம்பவுண்டரம்மா அகாபியா இருந்தாள், பெனிசிலினும் இருந்தது. ஒரு நாள் கூடக் குறையப் போனாலும் ஏழு நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னான்.

எல்லோரும் அப்போது இருந்த இடம் ஆற்றங்கரைச் சரளைத் திட்டு. மழை பிடித்தால் வெள்ளம் வந்துவிடும். அதனால் இப்பொலித்தை இன்னும் மேலே, காய்ந்த மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருப்போம் என்று நோன்னா ப்ரகோப்பியிடம் சொன்னாள். கொஞ்சம் மேலே போனால் ஆறு இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஏவென் மக்கள் இரண்டு கிளைக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரே ஆறு, கால்தான் இரண்டு. ஆகவே பெயரைச் சொல்லி அடையாளம் காட்ட வழியில்லை. "இடது கிளை, முதல் லார்ச் தோப்பு," என்றாள். ப்ரகோப்பி தலையாட்டினான். பனிமானைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

இந்த இடது வலது விஷயத்தில் நில அளவைக்காரர்களுக்கு இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. ஆறு ஓடும் திசையில் முகத்தை வைத்து நிற்க வேண்டும். அப்போது இடது கைப்பக்கம் வருவது இடது. நீ மேலே ஏறிப் போனாலும் சரி, மல்லாந்து படுத்துக் கிடந்தாலும் சரி, ஆற்றுக்கு அதுதான் இடது. ஏவென்காரனுக்கு அப்படி இல்லை. அவன் ஆற்றோடு மேலே போகும்போது தன் இடது கைக்கு எது வருகிறதோ அதை இடது என்பான். நியாயந்தானே, போகிறவன் அவன். இது நோன்னாவுக்குத் தெரியும். தெரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அதனால் ப்ரகோப்பிக்குக் குழப்பம் வரக்கூடாது என்று தன் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவனுடைய கணக்கிலேயே 'இடது' என்று சொன்னாள். மேலே வரும்போது அவனுடைய இடது கைப்பக்கம் இருக்கும் கிளை.

மழை பிடித்தது. அவர்கள் இப்பொலித்தைச் சுமந்துபோய், சொன்ன இடத்தில் கூடாரம் போட்டார்கள். ஆறு பிரியும் கவையில் ஒரு கம்பு நட்டு அதில் இடத்தை எழுதிய சீட்டும் கட்டிவைத்தார்கள். ஐந்தாம் நாள் மழை விட்டது. அதற்கு மேல்தான் நோன்னா தன்னை மன்னிக்காத காரியம் நடந்தது.

பாக்கி இருந்தது இந்த ஒரே உச்சி. இங்கே ஒரு வெயில் நாள் கிடைத்துக் கோணங்களை எடுத்துவிட்டால் இந்தப் பகுதியின் வரைபடத் தாள் முடிந்தது. இரண்டு வருடமாக முடியாமல் திரும்பிய தாள் அது. தலைமை அலுவலகத்துச் சுவரில் தொங்கும் பெரிய வரைபடத்தில் அந்தச் சதுரம் மட்டும் வெள்ளையாக இருக்கும், அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வரும். செப்டம்பர் பிறந்துவிட்டது. அடுத்த பனி விழுந்தால் விழுந்ததுதான். அவள் வாய் திறந்து கேட்கவில்லை. இப்பொலித்தே சொன்னார்.

"போயிட்டு வாங்களேன். நாளன்னிக்கு மத்தியானம் ப்ரகோப்பி வந்துருவான். அதுவரைக்கும் நான் எங்க ஓடிடப் போறேன்?"

விறகு, தண்ணீர், காய்ந்த இறைச்சி, ரொட்டி எல்லாவற்றையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார்கள். உச்சி தெரியும்படி கூடாரத்து வாசலைத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தார்கள். கிளம்பும்போது அவருடைய தொடையில் சிவப்பு ஏறியிருப்பதை அவள் பார்த்தாள். பார்த்தாள், ஆனாலும் கிளம்பினாள். ஆசை, வேறென்ன. அதற்கு வேலை, பொறுப்பு, நாடு என்று எத்தனை பெயர் வைத்தாலும் ஆசை ஆசைதான்.

இப்போது அந்தப் புகையைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு சீரானது. கருவியை மட்டம் பண்ணினாள். மணி பதினொன்றரை. மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது, இப்படி ஒரு நாளுக்காக மனிதர்கள் மாதக்கணக்கில் தவம் கிடப்பார்கள். ரொதியோன் ஏட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். ப்ரகோப்பி வருகிற நேரமாயிற்றே என்று கடைசியாக ஒருமுறை குழாயைக் கவைப் பக்கம் திருப்பினாள்.

வந்துகொண்டிருந்தார்கள். ஆறு பனிமான், இரண்டு ஆள். முன்னால் ப்ரகோப்பி, பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தவள் கம்பவுண்டரம்மாவாகத்தான் இருக்க வேண்டும். சிரிப்பு வந்தது நோன்னாவுக்கு. சிரித்தவள் அப்படியே நிறுத்தினாள். அவர்கள் கவையைத் தாண்டியிருந்தார்கள். தாண்டி, வேறு கிளையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

தலைகீழாகப் பார்ப்பதால் தப்பாகத் தெரிகிறதோ என்று ஒரு கணம் நினைத்தாள். பதினொரு வருடத்தில் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை. குழாயை விட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கண்ணை வைத்தாள். கூடாரம் ஒரு பள்ளத்தாக்கில். ஆட்கள் இன்னொரு பள்ளத்தாக்கில். நடுவில் இந்த மலை. கம்பு நட்ட சரளைத் திட்டின் மேல் பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பும் இல்லை, சீட்டும் இல்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு.

"என்ன?" என்றான் ரொதியோன்.

அவள் நகர்ந்து, அவனைப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவனுக்குத் தலைகீழ்ப் படம் பழக்கமில்லாததால் புரிய நேரமானது. புரிந்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தப் பக்கம் ஏன் போறான்? நீ இடதுன்னுதானே சொன்ன?"

"இடதுன்னுதான் சொன்னேன்," என்றாள் நோன்னா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. ப்ரகோப்பி போய்க்கொண்டிருந்ததும் இடதுதான். வரைபடத்துக்கு இடது. அவள் சட்டத்துப்படி இடது.

அந்தப் பள்ளத்தாக்கில் லார்ச் தோப்பு ஒன்றல்ல, ஏழெட்டு இருந்தன. முதல் தோப்பில் கூடாரம் இல்லையென்றால் அடுத்ததைப் பார்ப்பான், அதற்கடுத்ததைப் பார்ப்பான். மனசாட்சியுள்ள ஆள், பாதியில் விடமாட்டான். இன்று பூராவும் தேடுவான், நாளையும் தேடுவான். இறங்கி ஓடிப் பிடிக்கலாம் என்றால் உச்சியிலிருந்து இறங்க ஒரே வழிதான், கவை வரைக்கும் ஐந்து மணி நேரம். அதற்குள் பனிமான்கள் எங்கேயோ போயிருக்கும். இப்பொலித்தின் தொடையில் ஏறிய சிவப்பு இரண்டு நாள் காத்திருக்காது.

அவர்களிடம் ஒரு கண்ணாடி இருந்தது, தூரத்து மலையில் இருப்பவர்களுக்கு வெயிலைத் திருப்பி அடித்து இருக்குமிடம் காட்டுவதற்கு. அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பி ப்ரகோப்பியின் மேல் அடித்தாள். குழாயில் கண் வைத்திருந்த ரொதியோன் சொன்னான்: நிறுத்திவிட்டான். இந்தப் பக்கம் பார்க்கிறான். தொப்பியைக் கழற்றுகிறான்.

நோன்னா அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். ப்ரகோப்பி பனிமான் மேலிருந்தபடியே தொப்பியை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தான். சந்தோஷமாக ஆட்டினான். அவனுக்கு என்ன தெரியும்? நான்கு கோடையாக அவன் பார்த்திருக்கிறான், அளவைக்காரர்கள் உச்சியில் இருந்தால் கண்ணாடி மினுக்கும். வேலை நல்லபடியாக நடக்கிறது என்று அர்த்தம். தொப்பியை மாட்டிக்கொண்டான், கம்பவுண்டரம்மாவிடம் திரும்பி ஏதோ சொன்னான், அவளும் கையை ஆட்டினாள். இருவரும் தப்பான பள்ளத்தாக்கில் உற்சாகமாக மேலே போனார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை. அந்த முகத்தில் இருந்த மீசை முடியைக்கூட எண்ணிவிடலாம் போலக் கிட்டத்தில் தெரிந்தது. கத்தினால் பக்கத்துப் பாறைகூடக் கேட்காத தூரம்.

அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். மரக்கூம்பைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை ரொதியோன் பார்த்தான்.

"வேணாம்," என்றான்.

"இங்க எரியிறதுக்கு வேற என்ன இருக்கு? புகை வந்தா அவனுக்குத் தெரியும். நம்ம கூம்பை நாமே சும்மா கொளுத்த மாட்டோம்னு அவனுக்குத் தெரியும்."

"அது அரசாங்கத்துது. நான் எட்டு வருஷம் இருந்துட்டு வந்தவன். உள்ள எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிச் சொன்னான்: "கோணத்தையாவது எடுத்துரு. மூணு மணி நேரம். அதுக்கப்புறம் கொளுத்திக்கலாம்."

ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அவள் அதை யோசித்தாள். வெயில் இருந்தது, கருவி மட்டத்தில் இருந்தது, நாற்பது கிலோமீட்டர் தூரத்து உச்சிகள்கூடத் துடைத்து வைத்த மாதிரித் தெரிந்தன. மூன்று மணி நேரம். பிற்பாடு விசாரணையில் எல்லாவற்றையும் சொன்ன நோன்னா, அந்த ஒரு மூச்சு நேரத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"இப்பவே," என்றாள்.

ரொதியோன் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, கூம்பின் மூன்று காலிலும் ஊற்றினான். தீப்பெட்டியை அவள் நீட்டியபோது வாங்கிக்கொண்டு, அவளைத் தள்ளி நிற்கச் சொன்னான். நாளைக்குக் கேட்டால் தான் கொளுத்தியதாகச் சொல்லவேண்டும், பழகினவனுக்கு இன்னொரு தடவை பெரிய விஷயமில்லை என்றான். அவள் தீப்பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கித் தானே உரசிப் போட்டாள்.

இரண்டு மாத வெயிலில் காய்ந்த லார்ச், பிசின் வேறு. திகுதிகுவென்று பிடித்தது. ரொதியோன் தார்ப்பாயை உருவி மேலே எறிந்தான். கறுப்பாக, கனமாக, மலை தானே எரிவது போலப் புகை எழுந்தது. எட்டு நாள் தோளில் சுமந்தது கால் மணி நேரத்தில் சரிந்து விழுந்தது. நோன்னா குழாயில் கண் வைத்திருந்தாள். ப்ரகோப்பி நின்றான். பார்த்தான். இந்தத் தடவை தொப்பியைத் தொடவில்லை. பனிமான்களை அப்படியே திருப்பி, கவையை நோக்கி விரட்டினான்.

அவர்கள் கருவியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இறங்கினார்கள். இறங்கினார்கள் என்பதைவிட உருண்டார்கள் எனலாம். நோன்னாவின் உள்ளங்கையில் தோலே இல்லை. மாலை ஐந்தரை மணிக்குக் கவைக்கு வந்தபோது, வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க இடம் தேடியே பொழுதைக் கழித்திருந்த ப்ரகோப்பி அப்போதுதான் மேலே ஏறிவரத் தயாராகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான். இருவரையும் முழுசாகப் பார்த்ததும் அவனுக்குக் குழப்பம்.

"யாரு விழுந்தது தலைவியம்மா?"

"யாரும் விழல. நீங்க ஏண்ணே அந்தப் பக்கம் போனீங்க?"

"நீங்கதானே இடது கிளைன்னீங்க."

"உங்க இடது. நீங்க ஏறி வரும்போது வர்ற இடது. உங்களுக்காகத்தான் மாத்திச் சொன்னேன்."

ப்ரகோப்பி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். முன்னொரு கோடையில் வேறொரு குழுத் தலைவர், இடது வலது தெரியாத காட்டான் என்று எல்லோர் முன்னாலும் அவனை ஏசியிருந்தார். அன்றைக்கே கற்றுக்கொண்டான். ஆற்றோடு முகம் வைத்து நிற்கவேண்டும். வழி நெடுகிலும் அதைக் கம்பவுண்டரம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான்.

"நானும் உங்களுக்காகத்தாம்மா மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்," என்றான்.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒரு தப்பாவது கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அகாபியா மட்டும், பேசியது போதும், கால் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நால்வரும் பனிமானில் ஏறி, கூடாரத்துக்குப் போகும் தோப்புப் பாதையில் விரட்டினார்கள். ஒரு மணி நேரம் ஆனது.

கூடாரம் இருந்தது. அடுப்பில் கங்கு இருந்தது. இப்பொலித் இல்லை.

நோன்னா உள்ளே போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தாள், அதற்கடியில் மனிதன் ஒளிந்திருக்க முடியும் என்பது போல. இன்னொருமுறையும் விலக்கிப் பார்த்தாள். வெளியிலிருந்து ப்ரகோப்பி கூப்பிட்டான். கூடாரத்து வாசலிலிருந்து பாசியைக் கிழித்துக்கொண்டு ஒரு தடம் கீழே போனது. நடந்த தடம் இல்லை. வயிறு இழுபட்ட தடம், பக்கத்தில் காலில் கட்டியிருந்த கட்டை கீறிய கோடு. கரடியோ என்று ரொதியோன் கேட்டான். ப்ரகோப்பி இல்லையென்று தலையை ஆட்டினான். அவன் தடத்தைப் பார்க்காமல், தடம் போகும் திசையில் தூரத்தைப் பார்த்தான். நேர் எதிரே, ஆற்றுக்கு அப்பால், உச்சியில் இன்னும் புகை கலையாமல் நின்றது.

அப்போதுதான் நோன்னாவுக்கு விளங்கியது. அந்த மொட்டை மலையில் எரிவதற்குக் கூம்பைத் தவிர வேறெதுவும் கிடையாது என்று ப்ரகோப்பிக்கு மட்டுமா தெரியும்? அந்தக் கட்டைகளைச் சுமந்தவர் இப்பொலித்தும்தான். அவர் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

முந்நூறு அடி தூரத்தில், ஆற்றோரப் புதருக்குப் பின்னால் கிடந்தார். இடுப்புக்குக் கீழே தண்ணீரில். கடக்கப் பார்த்திருக்கிறார். கயிறும் கோடாரியும் முதுகில் கட்டியிருந்தது. கழுத்தில் ஒரு பை. அதில் அவருக்கென்று விட்டுப்போன துணிக்கட்டு முழுவதும், அயோடின் பாட்டில், சர்க்கரைக் கட்டி நாலு. உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. நெருப்பு மூட்டிக் கம்பளிக்குள் சுற்றினார்கள். அகாபியா காலைப் பிரித்துப் பார்த்தாள், முகர்ந்தாள், மருந்தை ஏற்றினாள். பிறகு நோன்னாவின் பக்கம் திரும்பி மெதுவாகத் தலையை அசைத்தாள். உடம்பு முழுக்க விஷம் ஏறிவிட்டது, அதற்கு மேல் இந்தக் குளிர்.

இப்பொலித் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எண்ணுகிற மாதிரிப் பார்த்தார்.

"யாருக்கு அடி?" என்றார்.

யாருக்கும் இல்லை, உங்களுக்காகத்தான் கொளுத்தினோம் என்று நோன்னா எந்த வாயால் சொல்வாள்? முந்நூறு அடியை ஐந்து மணி நேரம் நகர்ந்து வந்த மனிதனிடம், நீ சும்மா படுத்துக் கிடந்திருக்கலாம் என்று யார் சொல்வது?

"எனக்குத்தான் மாமா," என்றான் ரொதியோன். "கால் பிசகிருச்சு. கல்லு சரிஞ்சிருச்சு."

"பையில துணி இருக்கு. நோன்னா, கட்டி விடு அவனுக்கு. பார்த்துக்கிட்டு நிக்கிறியே."

ரொதியோன் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, ஒரு கீறலும் இல்லாத இடது காலை நீட்டினான். நோன்னா ஈரப் பையிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்து, கணுக்காலைச் சுற்றிக் கட்டினாள். தோலில்லாத அவள் கையிலிருந்து ரத்தம் துணியில் பட்டது, அது பார்ப்பதற்கு இன்னும் நம்பும்படியாக இருந்தது. ப்ரகோப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு பனிமானின் சேணத்தை அவிழ்த்துக்கொண்டேயிருந்தான். இப்பொலித் தலையைச் சாய்த்து ஒவ்வொரு சுற்றையும் பார்த்தார்.

"அவ்வளவு இறுக்காதே மகாராணி. வீங்கும்போது வலிக்கும் பயலுக்கு," என்றார்.

அவள் தளர்த்திக் கட்டினாள். அவருக்குத் திருப்தி. நல்லவேளை, பெரிசாக ஒன்றுமில்லை என்று ரொதியோனிடம் சொன்னார். மறுநாள் மத்தியானத்துக்கு முன்னால் இறந்துபோனார்.

அந்தத் தோப்பு ஓரத்திலேயே, உறைந்த மண்ணை நெருப்பு வைத்து இளக்கித் தோண்டிப் புதைத்தார்கள். கருவியை எடுத்துவர ப்ரகோப்பி தனியாக உச்சிக்குப் போய்வந்தான். அதன் பிறகு அடிவார முகாமுக்கு நான்கு நாள் நடை. ரொதியோன் காலிலிருந்த துணிக்கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்துவிடு என்று நோன்னா ஒரு தடவை சொன்னாள், அவன் காதில் விழாத மாதிரி இருந்தான். பனிமானில் ஏறிக்கொள்ளச் சொல்லி ப்ரகோப்பி கேட்டதற்கும் மாட்டேன் என்றுவிட்டான். நான்கு நாளும் அந்தக் காலை நொண்டி நொண்டியே நடந்து வந்தான்.